வெளிநாட்டு ஆலைக்குப் பாதுகாப்புப் பொறுப்பில் போகும் தம்பிக்கு

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு போன். என்னோடு ஆறு வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்த தம்பி. அவனுடைய கம்பெனி வெளிநாட்டில் ஓர் ஆலையை வாங்கியிருக்கிறது. பாதுகாப்பு, கிடங்கு, லாரிப் போக்குவரத்து என்று மூன்று பொறுப்பையும் இவனிடம் கொடுத்து அனுப்புகிறார்கள். "அண்ணா, எத்தனை கேமரா வைக்கணும், சுவர் எவ்வளவு உயரம் இருக்கணும், எந்தச் சாவி யார் கையில இருக்கணும், உங்ககிட்ட ஒரு லிஸ்ட் இருக்குமே, அனுப்பி வைங்க" என்றான்.

லிஸ்ட் இருக்கிறது. 19 வருடத்தில், மூன்று நாடுகளில் வேலை பார்த்துச் சேர்த்தது. 40 பக்கம். அன்றைக்கே அனுப்பியும் விட்டேன். அனுப்பிய பிறகு மனசு கேட்கவில்லை. அந்த 40 பக்கத்தையும் வரி பிசகாமல் கடைப்பிடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் என் ஆலையிலிருந்து சரக்கு திருடு போனது. அதைச் சொல்லாமல் லிஸ்டை மட்டும் கையில் கொடுத்தால் அவனை நான் பாதி வழியில் விட்ட மாதிரி. அதனால் இங்கே எழுதுகிறேன். இதே வேலைக்குப் போகிற வேறு யாருக்காவது உதவினாலும் சந்தோஷம்.

நான் இரண்டாவதாக வேலை பார்த்த நாட்டில், எங்கள் ஆலையிலிருந்து வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கன்டெய்னர் துறைமுகத்துக்குப் போகும். எல்லாம் 40 அடிப் பெட்டி. ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை, சரக்கு வாங்கியவரிடமிருந்து ஒரே புகார்: அட்டைப்பெட்டி குறைகிறது. ஒரு தடவை 14, இன்னொரு தடவை 22. ஏற்றும்போது எண்ணிய கணக்கு சரியாக இருக்கிறது. கதவில் மாட்டிய போல்ட் சீல் (வெட்டினால்தான் கழலும், எண் பொறித்த உலோக முத்திரை) வெட்டுப்படாமல் அதே எண்ணோடு போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்படியானால் ஏற்றுகிற இடத்திலேயே குறைகிறது என்று நான் முடிவு கட்டினேன். ஏற்றும் மேடைக்கு மேலே நான்கு கேமரா கூடுதலாக வைத்தேன். ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் பைகளைச் சோதிக்கச் சொன்னேன். இரண்டு வாரம், ஒவ்வொரு மாலையும் முந்நூறு பேர் வரிசையில் நின்று பையைத் திறந்து காட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு நாள், துறைமுகத்தில் சரக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைத் தவறவிட்ட லாரி ஒன்று பெட்டியோடு திரும்பி வந்து முற்றத்தில் நின்றது. மறுநாள் காலையில் போர்க்லிஃப்ட் ஓட்டுபவர் ஒருவர் என் அறை வாசலுக்கு வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவருக்குப் புரியாது. வாங்க என்று கையசைத்துவிட்டு முன்னால் நடந்தார். கன்டெய்னரின் வலது கதவில் கைப்பிடியைப் பிடித்து வைக்க ஒரு கொண்டி இருக்கும். அதன் ஓட்டையில்தான் சீலை மாட்டுவோம். அந்தக் கொண்டியைக் கதவோடு சேர்த்து நிறுத்தியிருப்பது ரிவெட். அவர் தன் கட்டைவிரல் நகத்தை ஒரு ரிவெட்டின் தலையில் வைத்து அழுத்தினார். பெயின்ட்டில் நகம் பதிந்தது. பக்கத்து ரிவெட்டில் அழுத்தினார். பதியவில்லை, துருதான் விரலில் ஒட்டியது. விரலை என்னிடம் நீட்டிக் காட்டினார்.

சீலை யாரும் தொடவே இல்லை. ரிவெட்டை அறுத்து எடுத்தால் கொண்டியும் கைப்பிடியும் சீலும் ஒன்றாகக் கழன்று வந்துவிடும். வேண்டியதை இறக்கிவிட்டு, ரிவெட் மாதிரியே தலையுள்ள ஒரு போல்ட்டை முடுக்கி, மேலே கதவின் நிறத்திலேயே பெயின்ட் பூசிவிட்டால் துறைமுகத்தில் யார் கண்ணிலும் படாது. வழியில் ஒரு மறைவான இடமும் கொஞ்ச நேரமும் கிடைத்தால் போதும்.

மொழிபெயர்ப்பு செய்யும் பெண்ணை வரச்சொல்லி அவரிடம் பேசினேன். நான்கு மாதத்துக்கு முன்பே, ஏற்றுவதற்காக வந்து நின்ற ஒரு காலிப் பெட்டியில் இப்படி ஒரு போல்ட்டைப் பார்த்துத் தன் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறார். "உன் வேலையைப் பாரு" என்று பதில் வந்திருக்கிறது. அந்த மனிதரின் பையையும் நான் இரண்டு வாரம் திறந்து காட்ட வைத்திருந்தேன். அன்றைக்கு அவர் முன்னால் நின்றபோது எனக்கு வந்த வெட்கம் இன்றைக்கும் குறையவில்லை. மன்னிப்புக் கேட்டேன். மொழிபெயர்த்துச் சொன்ன பெண்ணின் குரலும் தழுதழுத்தது.

இதில் யாருக்கும் தெரியாத ரகசியம் எதுவும் கிடையாது. 2001 நவம்பரில் அமெரிக்கச் சுங்கத் துறை தொடங்கிய சி-டிபாட் என்ற சரக்குப் பாதுகாப்புத் திட்டத்தின் விதிகளிலேயே கன்டெய்னரை எப்படிச் சோதிப்பது என்று இருக்கிறது. முன்சுவர், இடது பக்கம், வலது பக்கம், தரை, கூரை, கதவின் உள்ளும் புறமும், அடிப்பாகம் என்று 7 இடம் பார்க்க வேண்டும். சீலுக்கு நான்கு வேலை: பார், எண்ணை ஒப்பிடு, இழு, திருகு. 'பார்' என்பது சீலோடு நிற்பதில்லை, கதவைப் பூட்டும் பாகங்கள் அத்தனையையும் பார்க்கச் சொல்கிறது. நாங்கள் மாட்டியது ஐஎஸ்ஓ 17712 தரத்தில் 'எச்' குறி போட்ட, உயர் பாதுகாப்பு சீல்தான். விதிகளும் ஏற்றும் மேடைச் சுவரில் லேமினேட் செய்து ஒட்டித்தான் இருந்தன. ஆங்கிலத்தில். சீல் மாட்டுகிறவர்களில் ஒருவருக்குக்கூட ஆங்கிலம் வாசிக்க வராது.

அந்தத் தாளை அவர்கள் மொழியில் எழுதி ஒட்டினோம். போர்க்லிஃப்ட் ஓட்டுபவரே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். லாரி ஒப்பந்தக்காரரை மாற்றினோம். அதன் பிறகு நான் அங்கே இருந்த மூன்று வருடமும் ஒரு பெட்டி குறையவில்லை.

தம்பி, நீ கேட்டதற்கு என் பதில் இங்கேதான் தொடங்குகிறது. பிறந்து வளர்ந்த நாட்டில் ஆலை நடத்தும்போது பாதிச் செய்தி தானாகக் காதில் விழும். எந்தக் காவல் ஏஜென்சி யாருடையது, எந்த ஒப்பந்தக்காரர் யாருக்கு உறவு, எந்த ரோட்டில் இருட்டின பிறகு போகக் கூடாது என்பதெல்லாம் கேட்காமலே தெரியும். வெளிநாட்டில் ஒன்றும் விழாது. அந்தச் செய்தி எல்லாம் உன் ஆலைக்குள்ளேயே, கேட்டில் நிற்கிறவரிடமும் லாரி ஓட்டுகிறவரிடமும் இரவு ஷிப்ட்டில் கூட்டிப் பெருக்குகிறவரிடமும் இருக்கும். உன்னிடம் வந்து சேராது. வந்து சேரும் வழியைப் போடுவதுதான் உன் முதல் வேலை என்று நான் நம்புகிறேன். கேமரா அதற்குப் பிறகு.

2020 டிசம்பர் 12-ஆம் தேதி, கர்நாடகாவில் கோலார் மாவட்டம் நரசாபுராவில் இருந்த விஸ்ட்ரான் ஆலையில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். தைவான் நிறுவனம், ஐபோன் தயாரித்த இடம். இரவு ஷிப்ட் முடிந்த தொழிலாளர்கள் ஆலையை அடித்து நொறுக்கினார்கள். அங்கே சுவர் இல்லையா, கேமரா இல்லையா? பிறகு விசாரித்த ஆப்பிள் நிறுவனம் என்ன சொன்னது என்று பார். வேலை நேரக் கணக்கை ஒழுங்காக வைக்கவில்லை, அதனால் அக்டோபர், நவம்பர் மாதங்களில் சிலருக்குச் சம்பளம் தாமதமானது என்றது. குறையைச் சரிசெய்யும் வரை புது ஆர்டர் கிடையாது என்று அறிவித்தது. விஸ்ட்ரான் தன் இந்தியத் தொழிலைக் கவனித்த துணைத் தலைவரை நீக்கியது, தொழிலாளர்களிடம் மன்னிப்பும் கேட்டது. இரண்டு மாதமாகச் சம்பளம் ஒழுங்காக வரவில்லை என்று அத்தனை ஆயிரம் பேர் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். அந்தப் பேச்சு மேலே போய்ச் சேரவில்லை. அதைப் படித்த நாளிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். சம்பளம் போட்ட மறுநாள் காலை மனிதவளத் துறைக்குப் போய், எத்தனை பேர் சம்பளம் குறைந்ததாகப் புகார் கொடுத்தார்கள், எத்தனை பேருக்குப் பதில் கொடுத்தீர்கள் என்று இரண்டு எண்ணைக் கேட்டு என் நோட்டில் எழுதுவேன். பாதுகாப்பு அதிகாரிக்கு இது எதற்கு என்று கேட்டார்கள். என் வேலையில் இதைவிட முக்கியமான இரண்டு எண் கிடையாது.

கோபம் உன் ஆலையின் மேல் இல்லாமலும் வரலாம். 2014 மே மாதம், சீனாவும் வியட்நாமும் உரிமை கோரும் பாராசெல் தீவுகள் பக்கம் சீனா ஓர் எண்ணெய் துளையிடும் மேடையைக் கொண்டுவந்து நிறுத்தியது. வியட்நாமில் எதிர்ப்பு கிளம்பியது, பின் துவொங் மாகாணத்துத் தொழிற்பேட்டைகளில் கலவரமானது. கூட்டம் சீனக் கம்பெனி என்று தேடித்தேடித் தாக்கியதில் அடி வாங்கியவை பெரும்பாலும் தைவான் ஆலைகள். தென்கொரிய ஆலைகளும் தப்பவில்லை. பெயர்ப்பலகையில் சீன எழுத்து இருந்ததே பலருக்குக் காரணமாகிவிட்டது. வியட்நாம் கொடியை வாசலில் கட்டியும், நாங்கள் சீனர்கள் இல்லை என்று எழுதித் தொங்கவிட்டும் காப்பாற்றிக்கொண்டவர்கள் உண்டு. ஆவேசத்தோடு வருகிற கூட்டம் உன் கம்பெனியின் பதிவுப் பத்திரத்தைப் படிக்காது, பலகையைத்தான் படிக்கும். மூன்றாவது நாட்டுக்குப் போனபோது முதல் மாதமே பெயர்ப்பலகையை மாற்றினேன். உள்ளூர் மொழி மேலே பெரிதாக, நம் பெயர் கீழே சிறிதாக. தலைமை அலுவலகத்துக்கு அது பிடிக்கவில்லை. விளக்கி எழுதினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது சொல்லப்போவதுதான் என்னை அதிகம் வருத்துகிற விஷயம். சிரியாவின் வடக்கே ஜலாபியா என்ற இடத்தில் பிரெஞ்சு நிறுவனமான லஃபார்ஜின் சிமென்ட் ஆலை இருந்தது. 2010-இல்தான் உற்பத்தி தொடங்கியது. மறு வருடமே உள்நாட்டுப் போர். 2012-இல் வெளிநாட்டு ஊழியர்களைப் பத்திரமாக நாட்டுக்கு வெளியே அழைத்துப் போய்விட்டார்கள். ஆலையை மூடவில்லை. சிரியா நாட்டுத் தொழிலாளர்கள் தொடர்ந்து வேலைக்கு வந்தார்கள், வழியில் ஆயுதக் குழுக்களின் சோதனைச் சாவடிகளைத் தாண்டி. சிலர் கடத்தப்பட்டார்கள். உற்பத்தி நிற்காமல் இருக்க, இடைத்தரகர்கள் வழியாக ஐஎஸ், நுஸ்ரா முன்னணி என்ற இரண்டு ஆயுதக் குழுக்களுக்கும் பணம் போனது, ஏறத்தாழ 60 லட்சம் டாலர். 2014 செப்டம்பரில் ஐஎஸ் ஆலையையே பிடித்துக்கொண்டது. அன்றைக்கு உள்ளே இருந்த தொழிலாளர்கள் கிடைத்த வண்டியில் ஏறித் தாங்களாகவே தப்பி ஓடினார்கள். பழைய ஊழியர்கள் சிலர் 2016-இல் பாரிஸில் புகார் கொடுத்தார்கள். 2022 அக்டோபரில் லஃபார்ஜ் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 77 கோடியே 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

நான் பார்த்த எந்தக் கம்பெனியின் வெளியேற்றத் திட்டத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். அவசரத்தில் யாரை எந்த வண்டியில் ஏற்றுவது, பாஸ்போர்ட் நகல் எங்கே, கையில் எவ்வளவு ரொக்கம், எந்த விமான நிலையம் மூடினால் எந்த எல்லை வழி என்று எல்லாம் இருக்கும். சாட்டிலைட் போன் வாங்குவது வரை இருக்கும் (அதற்கு முன் அந்த நாட்டுச் சட்டத்தைப் பார். அனுமதியில்லாமல் வைத்திருந்தாலே கைது செய்கிற நாடுகள் உண்டு, இந்தியாவும் அதில் ஒன்று). ஆனால் பெயர்ப் பட்டியலில் வெளிநாட்டிலிருந்து போன பதினைந்து இருபது பேர்தான் இருப்பார்கள். உள்ளூர்க்காரர் எண்ணூறு பேருக்கு ஒரு வரிகூட இருக்காது. எந்த நிலைமை வந்தால் ஆலையை மூடுவோம், மூடினால் அவர்களுக்கு எத்தனை மாதச் சம்பளம், அன்றைக்கு ராத்திரி ஷிப்ட்டில் இருப்பவர்களை எந்தப் பேருந்து வீட்டில் கொண்டுபோய் விடும், இந்த மூன்றையும் அமைதியாக இருக்கும்போதே எழுதி, கையெழுத்து வாங்கி வை. கலவரம் வந்த பிறகு உற்பத்தி இலக்கு கண்ணை மறைத்துவிடும். முதல் தடவை சோதனைச் சாவடிக்குப் பணம் கொடுக்கலாமா என்ற கேள்வி உன் மேசைக்கு வந்தாலே, மூட வேண்டிய நாள் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்.

இனி, ஆலையின் அறிவுச்சொத்து. பெரிய ஹேக்கர்கள் வந்து திருடுவார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஏஎம்எஸ்சி என்ற அமெரிக்க நிறுவனம், காற்றாலைகளை இயக்கும் மென்பொருளும் மின்னணுப் பாகங்களும் செய்து சீனாவின் சினோவெல் நிறுவனத்துக்கு விற்றுவந்தது. வருமானத்தில் பெரும் பகுதி அந்த ஒரே வாடிக்கையாளரிடமிருந்து. 2011 மார்ச்சில் சினோவெல் திடீரென்று சரக்கை எடுக்க மறுத்தது. சில மாதம் கழித்து ஏஎம்எஸ்சி பொறியாளர்கள் சீனாவில் ஒரு காற்றாலையைச் சோதித்தபோது, தாங்கள் இன்னும் வெளியிடாத மென்பொருளின் ஒரு வடிவம் அதில் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டார்கள். கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்களுடைய ஆஸ்திரியக் கிளையில் வேலை பார்த்த சொந்த ஊழியர். பதவி இறக்கப்பட்டு மனம் கசந்திருந்தவர். 2018-இல் அமெரிக்க நீதிமன்றம் சினோவெல்லைக் குற்றவாளி என்றது. அதற்குள் ஏஎம்எஸ்சி 100 கோடி டாலருக்கு மேல் பங்கு மதிப்பை இழந்திருந்தது, சுமார் 700 பேருக்கு வேலை போயிருந்தது. தன் மனிதரின் கசப்பை அந்தக் கிளையில் யாராவது கவனித்திருந்தால் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இதில் நீ கையோடு செய்ய வேண்டியவை சில. மோல்டு (பாகங்களை வார்க்கும் அச்சு) யாருடையது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கட்டும். ஒவ்வொரு மோல்டிலும் உங்கள் சொத்து எண்ணைக் கழற்ற முடியாதபடி பொறித்து, வருடத்துக்கு இரண்டு முறை போட்டோவோடு கணக்கெடு. இல்லாவிட்டால் ஒப்பந்தம் முறியும் அன்றைக்கு மோல்டு பணயமாகிவிடும். வணிகப்பெயரை, அங்கே ஒரு பொருள்கூட விற்காவிட்டாலும், உற்பத்தி தொடங்கும் முன்பே அந்த நாட்டில் பதிவு செய்துவிடுங்கள். ஐபேட் என்ற பெயருக்காக ஆப்பிள் 2012-இல் சீனாவில் ஒரு நிறுவனத்துக்கு 6 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது.

ஸ்கிராப்பை மட்டும் நீயே நின்று பார். கழித்துக்கட்டிய பொருள் முழுசாக வெளியே போனால் அது அடுத்த மாதம் சந்தையில் உன் பெயரிலேயே நிற்கும். வெட்டி, நசுக்கி, சாட்சியோடு அனுப்ப வேண்டும். எடை மேடையிலும் கண் வேண்டும். எங்கள் ஆலைக்கு ஸ்கிராப் எடுக்க வந்த லாரியில் இரண்டு பெரிய டிரம் இருக்கும், உள்ளே தண்ணீர். காலி எடை போடும்போது தண்ணீரோடு போட்டுவிட்டு, உள்ளே வந்து சாக்கடையில் திறந்துவிடுவார்கள். அந்த அளவுக்கு உலோகம் கணக்கில் வராமல் வெளியே போகும். அதையும் கண்டுபிடித்தது நான் இல்லை. மழையே பெய்யாத வாரத்தில் அந்த ஓரம் மட்டும் ஏன் ஈரமாக இருக்கிறது என்று கூட்டுகிற அம்மா ஒருவர் கேட்டார்.

கம்ப்யூட்டர் பக்கம் உனக்கு என்னைவிட அதிகம் தெரியும், ஆனாலும் இரண்டு விஷயம். 2018 ஆகஸ்டில், சிப் தயாரிக்கும் தைவானின் டிஎஸ்எம்சி போன்ற பெரிய கம்பெனியே, புதிதாக வந்த ஓர் இயந்திரத்தின் மென்பொருளை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்ததால் தடுமாறியது. உள்ளே வந்தது அதற்கு ஒரு வருடம் முன்பே உலகத்துக்கே தெரிந்திருந்த வானாக்ரை வகை வைரஸ். இயந்திரம் பழுதுபார்க்க வெளியாள் பென் டிரைவோடு வருவார், உற்பத்தி நின்றிருக்கும், எல்லோரும் அவசரப்படுத்துவார்கள். அந்த நேரத்தில் "சோதித்த பிறகுதான்" என்று சொல்கிற அதிகாரம் இரவு ஷிப்ட்டின் இளைய டெக்னீஷியனுக்கு எழுத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று, அந்த நாட்டு அரசாங்கத்துக்கு வரிக்கணக்கு அனுப்ப நீ போட்டாக வேண்டிய உள்ளூர் மென்பொருள். 2017 ஜூன் 27-இல் நாட்பெட்யா என்ற வைரஸ் பரவியது உக்ரைனின் எம்.இ.டாக் என்ற கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக. அங்கிருந்து மெர்க் நிறுவனத்தின் மருந்து உற்பத்தி வரை பாதித்தது. மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு மட்டும் 25 முதல் 30 கோடி டாலர் இழப்பு. அந்த மென்பொருளைத் தனிக் கம்ப்யூட்டரில், ஆலை நெட்வொர்க்கைத் தொடாமல் வை. மெர்ஸ்க்கை மீட்டது கானா நாட்டு அலுவலகத்தில் மின்வெட்டால் அணைந்து கிடந்ததால் வைரஸிடமிருந்து தப்பிய ஒரு சர்வர். உன் பேக்கப்பை யாராவது பிளக்கைப் பிடுங்கி வைத்திருக்க வேண்டும்.

நார்ஸ்க் ஹைட்ரோவின் கதையை மட்டும் தனியாகத் தேடிப் படி. நார்வேயின் அலுமினிய நிறுவனம், 40 நாடுகளில் 35,000 ஊழியர்கள். 2019 மார்ச் 19 அதிகாலை ரான்சம்வேர், அதாவது கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், தாக்கியது. பணம் கொடுக்க மறுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரைத் தொடாதே என்று தாளில் எழுதிக் கதவுகளில் ஒட்டினார்கள். அச்சிட்ட காகிதங்களை வைத்துக்கொண்டு கையால் இயந்திரங்களை ஓட்டினார்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே வேலை கற்றவர்கள், ஓய்வு பெற்றுப் போனவர்கள், தாங்களாகவே திரும்பி வந்து உதவினார்கள். அப்படி வந்து நிற்கும்படி ஒரு கம்பெனி தன் ஆட்களை வைத்திருந்ததே என்று படிக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

கடைசியாகக் காவலர்கள். ஆலையிலேயே குறைந்த சம்பளம் அவர்களுக்குத்தான், ஆனால் எல்லாச் சாவியும் அவர்கள் கையில். ஏஜென்சிக்கு நீ கொடுக்கும் தொகையில் காவலர் கைக்கு எவ்வளவு போகிறது என்று விசாரி. நான் விசாரித்தபோது பாதிகூடப் போகவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு மாத பில்லோடும் காவலர்களின் சம்பள ரசீதை இணைத்தால்தான் பணம் என்று மாற்றினேன். 12 மணி நேரக் காவலை 8 மணி நேரமாக்கினேன். துப்பாக்கி வேண்டுமா என்று கேட்பார்கள். சட்டமும் உண்மையான ஆபத்தும் கட்டாயப்படுத்தினால் தவிர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கேட்டில் நிற்கும் காவலர் அந்த ஊர்க்காரர் ஒருவரைச் சுட்டுவிட்டால் அதற்குப் பிறகு அந்த ஊரில் உனக்கு இடம் இல்லை, இருக்கவும் கூடாது. சுரங்க, எண்ணெய் நிறுவனங்களுக்காக 2000-இல் எழுதப்பட்ட 'பாதுகாப்பும் மனித உரிமையும்' பற்றிய தன்னார்வக் கோட்பாடுகளைப் படித்துக்கொள், ஆலைக்கும் பொருந்தும்.

கேட் ரிஜிஸ்டரில் வண்டி எண், நேரம், பெயர் என்று கட்டங்கள் இருக்கும். ரிவெட் விஷயத்துக்குப் பிறகு நான் ஒரு கட்டத்தைக் கூடுதலாகச் சேர்த்தேன். "இன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக என்ன பார்த்தீர்கள்?" உள்ளூர் மொழியில், காவலர் தன் கையாலேயே எழுத வேண்டும். முதல் மாதம் முழுக்கக் காலியாக இருந்தது. எழுதியதை யாராவது படிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தினமும் காலையில் மொழிபெயர்ப்பாளரோடு போய் நின்று படித்தேன். இரண்டாவது மாதம் எழுத ஆரம்பித்தார்கள். பின்பக்கச் சுவரோரம் புல் மிதிபட்டிருக்கிறது. தெருவிளக்கு மூன்று நாளாக எரியவில்லை. எதிர்ப்புறம் ஒரே நீலக் கார், மூன்று சாயங்காலமாக, மேலாளர் கிளம்பும் நேரத்தில். அந்த வரியைப் படித்த அன்றே மேலாளர் கிளம்பும் நேரத்தையும் வழியையும் மாற்றி, போலீஸுக்கும் சொன்னோம். கார் அதன் பிறகு வரவில்லை. எழுதிய காவலருக்கு 24 வயது, வேலைக்குச் சேர்ந்து ஐந்து வாரம்.

தம்பி அடுத்த மாதம் 3-ஆம் தேதி கிளம்புகிறான். லிஸ்டின் முன்னால் ஒரு தாளைச் சேர்த்து மறுபடி அனுப்பியிருக்கிறேன். கேமராவுக்கு டெண்டர் விடுவதற்கு முன்னால் முழுநேர மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வேலைக்கு எடு, இரவு ஷிப்ட்டுக்கு இன்னொருவர் என்று அதில் எழுதியிருக்கிறேன். பட்ஜெட்டில் அந்த இரண்டு இடமும் இல்லையாம். கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். அவனால் முடியாவிட்டால் அவனுடைய மேலதிகாரியிடம் நானே பேசுகிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.